தாலிக்குச் சான்று கேட்ட காலம்

நம் பக்கத்தில் இப்போது எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் ஜாதகத்துக்கு அடுத்தபடியாக வருகிற கேள்வி, "மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார்?" என்பதுதான். அமெரிக்கா என்றால் அதற்கு அடுத்த கேள்வி, "பெண்ணுக்கு விசா எப்போது கிடைக்கும்?" நான் பதிவுத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தெரிந்ததால், வாரத்துக்கு ஒருவராவது ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "சார், நேர்காணலுக்கு இதெல்லாம் போதுமா பாருங்கள்" என்பார்கள்.

கோப்பைப் புரட்டும்போது பெரும்பாலும் அவர்களுக்குள் ஒரு வருத்தமும் இருப்பது தெரியும். "ஆயிரம் பேர் கூடி, ஊரைக் கூட்டி, மேளம் கொட்டிக் கட்டிய தாலிக்கு இவனுக்கு என்ன சான்று வேண்டிக் கிடக்கிறது?" என்று பெண்ணின் அப்பா கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் இந்தக் கேள்வி நேற்று வந்ததல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வியால் நம் தமிழ்ப் பெண்கள் கடல் கடந்த ஊரில் சிறைக்குப் போயிருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன். சான்றிதழை வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பழக்கத்தில் கல்யாணத்துக்கு ஆதாரம் மனிதர்கள்தான். தாய்மாமன் வந்தார், பங்காளிகள் வந்தார்கள், சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்றால் கல்யாணம் நடந்தது. காகிதம் என்று ஏதாவது இருந்தால் அது மொய் நோட்டு ஒன்றுதான். மதுரைச் சீமையில் மொய் நோட்டைப் பற்றி யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. ஊர், பேர், தொகை என்று வரிசையாக எழுதி, இரண்டு தலைமுறைக்குப் பத்திரமாக வைத்திருப்போம்.

நான் பணியில் இருந்தபோது மேலூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். கல்யாணம் ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது. கணவர் வெளிநாட்டில். அவரோடு போய்ச் சேர வேண்டும் என்றால் பதிவுச் சான்று வேண்டும். அழைப்பிதழ் இல்லை, போட்டோ இல்லை. மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து நீட்டியது மொய் நோட்டு. எங்கள் விதிகளில் மொய் நோட்டு என்று ஒரு ஆவணமே கிடையாது. ஆனாலும் அது வீண் போகவில்லை. அந்த நோட்டைப் புரட்டி, அன்று மொய் எழுதியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் யார் என்று பார்த்து, இரண்டு பெரியவர்களைச் சாட்சிக்கு அழைத்து வந்தார்கள். ஊர் சாட்சியம் காகிதச் சாட்சியமாக மாறுவதை அன்று என் மேசையிலேயே பார்த்தேன்.

இப்போது தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம்.

1860 முதல் நம் ஆட்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களில் தமிழர்கள் ஏராளம். பின்னாலேயே வியாபாரிகளும் போனார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்கள் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு மனைவியை அழைத்துப் போவது வழக்கமாயிற்று. போர்ட் எலிசபெத்தில் குடியிருந்த ஹாசன் ஈசாப் என்பவரும் அப்படித்தான் இந்தியா வந்து, பாய் மரியம் என்ற பெண்ணை முஸ்லிம் முறைப்படி மணந்து, 1912-இல் கூட்டிக்கொண்டு போனார். குடியேற்ற அதிகாரிகள் அந்த அம்மாவை இறங்கவிடவில்லை.

வழக்கு கேப் மாகாண உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல் தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்துக்கு இடம் கொடுக்கும் சமய முறைப்படி நடந்த கல்யாணத்தை அந்நாட்டுச் சட்டம் கல்யாணமாக ஏற்காது என்பது அதன் சாரம். ஈசாபுக்கு மனைவி ஒருவர்தான். ஆனாலும் அது கணக்கில் வரவில்லை. அவர் சமயம் அனுமதிக்கிறது என்பதே போதுமாயிற்று.

அந்த ஒரு தீர்ப்பால் இந்து, முஸ்லிம், பார்சி முறைகளில் நடந்த கல்யாணங்கள் எல்லாம் அங்கே ஒரே நாளில் கேள்விக்குறியாகின. மனைவி மனைவியல்ல என்றால் அவள் யார்? பிள்ளைகளுக்குச் சொத்துரிமை உண்டா? ஊருக்குப் போன மனைவி திரும்பி வர முடியுமா? காந்தி அதுவரை நடத்திய சத்தியாக்கிரகத்தில் பெண்கள் சிறை சென்றதில்லை. இந்தத் தீர்ப்பு வந்ததும் பெண்களே முன்வந்தார்கள். கஸ்தூரிபாவும் அதில் சேர்ந்தார். 1913 செப்டம்பரில் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கிளம்பி அனுமதி இல்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்த 16 பேரில் அவரும் ஒருவர். அவருக்கு 3 மாதக் கடுங்காவல்.

டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய இன்னொரு பெண்கள் அணியில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. அவர்கள் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ப் பேசினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள்மேல் விதிக்கப்பட்டிருந்த 3 பவுன் தலைவரியை எதிர்த்து அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நவம்பர் 6 அன்று எல்லையை நோக்கி நடந்த பெரிய ஊர்வலத்தில் ஆண்கள் 2,037 பேர், பெண்கள் 127 பேர், குழந்தைகள் 57 பேர் என்று காந்தியே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

தில்லையாடி வள்ளியம்மையை நாம் எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். நான் பிறந்தது காரைக்கால். தில்லையாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். பெற்றோரின் பூர்வீகம் தில்லையாடி. 3 மாதச் சிறைத் தண்டனை பெற்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்துபோனாள். வரியை எதிர்த்துப் போராடினாள் என்று படித்திருப்போம். தன் அம்மாவின் கல்யாணம் செல்லும் என்று நிலைநாட்டவும்தான் அவள் சிறைக்குப் போனாள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

1914 ஜூனில் அங்கே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி ஒழிந்தது. ஒரு கணவர், ஒரு மனைவி என்ற அளவில் இந்தியச் சமய முறைத் திருமணங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. நம் சமயங்களைச் சேர்ந்த புரோகிதர்களையே திருமண அலுவலர்களாக நியமிக்க வழி பிறந்தது. ஏற்கனவே கல்யாணமாகி வாழ்ந்தவர்கள் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்றும் ஆயிற்று. இதன் பிறகு காந்தி இந்தியா திரும்பினார். 1921 செப்டம்பரில் நம் மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினாரே, அதே காந்திதான். அந்த மாற்றத்தை மதுரைக்காரர்கள் எல்லோரும் அறிவோம். அதற்கு எட்டு வருடம் முன்பு நம் பெண்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்ததையும் சேர்த்து அறிந்திருக்க வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக 1918-இல் நடந்தது என்னைப் போன்ற எழுத்தர்களுக்கு இன்னும் சுவையானது. லண்டனில் கூடிய பேரரசுப் போர் மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஏற்கனவே நிலையாகக் குடியிருக்கும் இந்தியர்கள் மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். நிபந்தனை இரண்டு. ஒருவருக்கு ஒரு மனைவி மட்டும். அந்த மனைவியும் பிள்ளைகளும் சட்டப்படியானவர்கள்தான் என்று இந்திய அரசாங்கம் சான்று தர வேண்டும். இன்று விசா கோப்பில் முதல் தாளாக இருக்கிற திருமணச் சான்றிதழின் பாட்டன் அந்த நிபந்தனைதான். ஊராரின் சாட்சி போதாது, சர்க்கார் முத்திரை வேண்டும் என்று அன்று முடிவாயிற்று.

தூர தேசம் மட்டுமல்ல, பக்கத்து இலங்கையிலும் இதுவே நடந்தது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து மண்டபம் முகாம் வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. 1949-இல் இலங்கையில் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1946 ஜனவரி 1-க்கு முன் கல்யாணமாகாதவர் 10 வருடமும், கல்யாணமானவர் 7 வருடமும் தொடர்ந்து குடியிருந்ததாக நிரூபிக்க வேண்டும். கல்யாணமானவருக்கு 3 வருடச் சலுகை என்று பார்த்தால் தாராளமாகத் தெரியும். ஆனால் மனைவியும் கல்யாணமான ஒரு வருடத்துக்குள் இலங்கைக்கு வந்து, இடைவெளி இல்லாமல் அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

நம் வழக்கம் என்ன? தலைப்பிரசவம் தாய் வீட்டில். உடம்பு தேறிக் குழந்தையோடு திரும்ப மாதக்கணக்காகும். ஏதோ காரணத்தால் அது ஒரு வருடத்தைத் தாண்டினால் சிக்கல்தான். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மீதிப் பேரின் கதைதான் 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தமாகி, மண்டபத்தில் வந்து இறங்கிய குடும்பங்களாகி, நாம் கண்ணால் பார்த்த வரலாறாயிற்று.

வெளிநாட்டுக்காரன்தான் நம் கல்யாணத்தைச் சந்தேகித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டு நீதிமன்றமும் அதைச் செய்தது. புரோகிதர் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணம் 1928 மே 28-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் தலைமையில் நடந்தது. மதுரையிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்தான். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் அம்முறையில் மணந்தார்கள். ஆனால் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. சடங்கு இல்லையே என்பதுதான் காரணம். 1913-இல் கேப் டவுனில் நம் சடங்கு செல்லாது என்றார்கள். 40 வருடம் கழித்துச் சென்னையில் சடங்கு இல்லாததால் செல்லாது என்றார்கள். இரண்டு இடத்திலும் தலை குனிந்து நின்றது மனைவிதான்.

அண்ணா முதலமைச்சராக வந்ததும் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். முன்பே நடந்தவற்றுக்கும் அது பொருந்தும். பாட்டிகள் பலர் அன்றுதான் சட்டப்படி மனைவியானார்கள்.

இந்த இடத்தில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்காலில் எங்கள் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு. பிற்பாடு அப்பா பிழைப்புக்காக மதுரைக்கு வந்ததால் நான் தேர்வாணையத் தேர்வு எழுதி இங்கே எழுத்தரானேன். இரண்டு ஊர் வழக்கத்தையும் பார்த்ததால் வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றும் 'எத்தா சிவில்' என்ற பதிவேட்டில் ஏற வேண்டும். அந்த அலுவலகத்தைப் புதுச்சேரியில் 'மேரி' என்போம். தேதியை எண்ணில் எழுத மாட்டார்கள், எழுத்தில்தான் எழுதுவார்கள். ஒரு பூஜ்யத்தைப் பின்னால் சேர்க்க யாராலும் முடியாது. கல்யாணமானால் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே அதையும் குறித்துவிடுவார்கள்.

அவர்களுக்கும் இந்த ஒழுங்கு எளிதில் வரவில்லை. 1871-இல் பாரிஸ் கலகத்தில் நகர மன்றமும் நீதிமன்றக் கட்டடமும் எரிந்தபோது, பாரிஸ் மக்களின் பழைய பதிவேடுகள் இரண்டு பிரதிகளும் சேர்ந்து சாம்பலாயின. அதற்குப் பிறகுதான், 1877-இல், கல்யாணத்தன்றே தம்பதியர் கையில் ஒரு குடும்பப் புத்தகம் கொடுக்கும் வழக்கம் வந்தது. பதிவேடு எரிந்தாலும் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும் என்ற யோசனை. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து சைகோனுக்கும் பிரான்சுக்கும் போன சொல்தாக்களின் மனைவிமார்கள் இப்படிப்பட்ட பதிவுகளைப் பெட்டிக்குள் நகையோடு வைத்திருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் நாம் வந்து சேர நாளாயிற்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதற்கு முன்பும் கிராமங்களில் மணியக்காரர் எழுதிய பதிவேடுகள் இருந்தன. ஆனால் நம் வயதுக்காரர்கள் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட தேதிதான். கல்யாணப் பதிவு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 14-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதன்படி தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 வந்தது. எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம்.

அமெரிக்கக் கதவு திறந்தது 1965 சட்டத்தால். அதற்கு முன் 1946 சட்டப்படி இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 இடம்தான். 1965-க்குப் பிறகு அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. ஆனால் கல்யாணம் பொய்யாக இருக்கலாம் என்ற சந்தேகம் கூடவே வளர்ந்தது. 1986-இல் வந்த திருத்தத்தின்படி, கல்யாணமாகி 2 வருடம் நிறையாமல் போய்ச் சேருகிற மனைவிக்கு நிபந்தனையோடுதான் நிரந்தரக் குடியிருப்பு. அந்த 2 வருட நிபந்தனைக் காலம் முடிவதற்குள் மறுபடியும் கல்யாணம் உண்மை என்று காட்ட வேண்டும்.

இந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டன் சாட்சி. 1979 ஜனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணமுடிக்க வந்த ஒரு இந்திய ஆசிரியைக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார்கள். செய்தி வெளியாகிப் பெரும் கண்டனம் எழுந்தபின் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. காகிதத்தை நம்பாதவன் கடைசியில் பெண்ணின் உடம்பையே காகிதமாக்கிவிட்டான்.

சரி, கோப்போடு வருபவர்களுக்கு நான் சொல்வதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். யாருக்காவது உதவும்.

முதலாவது, பெயர். நம் பெண் பள்ளிச் சான்றில் அப்பா இனிஷியலோடு இருப்பாள். ஆதாரில் கணவர் இனிஷியல் ஏறியிருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து முழுப் பெயராக இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பெண். அந்த ஊர் அதிகாரிக்கு மூன்று பெண்கள். கல்யாணத்தைப் பதிவதற்கு முன்பே எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, ஆங்கில எழுத்துகள் உட்பட ஒன்றாக்கிவிடுங்கள்.

இரண்டாவது, தேதி. முகூர்த்தம் அதிகாலை 4.30 மணி, வரவேற்பு முந்தைய நாள் மாலை என்று நம்மில் பலருக்கு. அழைப்பிதழில் இரண்டு தேதியும் இருக்கும். பதிவில் தாலி கட்டிய தேதிதான் வர வேண்டும். விண்ணப்பத்தில் மாப்பிள்ளை அங்கிருந்து வரவேற்புத் தேதியைப் போட்டுவிட்டால், நேர்காணலில் பெண்தான் பதில் சொல்லி விழிக்க வேண்டும்.

மூன்றாவது, பிறப்புச் சான்று. அதில் குழந்தையின் பெயரும் அப்பா அம்மா இருவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஏற்றாத பழைய சான்றுகள் நிறைய உண்டு. பதிவே இல்லையென்றால், இல்லை என்பதற்கு ஒரு சான்று வாங்கி, அதோடு பெற்றோரோ பெரியவர்களோ உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை, நானே அந்த வயதில்தான் இருக்கிறேன்.

நான்காவது, மறுமணமாக இருந்தால் முந்தைய கல்யாணம் முடிந்ததற்கான தீர்ப்பு நகல் அல்லது இறப்புச் சான்று. இதை மறைக்கவே கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதிக்கொண்ட தீர்வைத் தாள் அங்கே செல்லாது.

ஐந்தாவது, தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, காவல்துறைச் சான்று, கணவர் தரும் வருமான உறுதி. அசலும் நகலும் தனித்தனிக் கவரில். கல்யாணப் படங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் சினிமா மாதிரி நிற்கிற படங்களைவிட, சுற்றிலும் உறவுக்கூட்டம் நிற்கிற படங்கள் நல்லது. அதிகாரி தேடுவதும் ஊர் சாட்சியைத்தான், வேறு வடிவத்தில்.

கோப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது பெண்ணின் அப்பாவிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. நம்மிடம் கேட்கப்படும் சான்று நம் மானத்துக்குக் குறைவு இல்லை. சான்று இல்லாமல் நின்றபோதுதான் நம் பெண்களுக்கு மானக் குறைவு வந்தது. கப்பலில் திருப்பி அனுப்பப்பட்ட மனைவிக்கும், தோட்டத்தில் குடியுரிமை மறுக்கப்பட்ட மனைவிக்கும் கையில் காட்ட ஒரு தாள் இருந்ததில்லை. அந்தத் தாளைச் சட்டமாக வாங்கித் தரச் சிலர் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு காலை நேரம் வரிசையில் நின்றால் கிடைத்துவிடுகிறது.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு மட்டும்தான் பதிவு என்று நினைக்க வேண்டாம். உள்ளூரில் மகனுக்கு, மகளுக்குக் கல்யாணம் முடித்தவர்கள் 90 நாள் முடிவதற்குள் பதிந்துவிடுங்கள். மொய் நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் வீட்டில் இலங்கை, பர்மா, மலேயா, தென்னாப்பிரிக்கா போனவர்களின் பழைய தாள்கள் ஏதாவது இருந்தால், கரையான் தின்பதற்குள் எடுத்துப் பார்த்து எனக்கும் சொல்லுங்கள். படித்துக்காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.